பூநகரி நெல் கரைச்சிக்குப் போன கதை

கிளிநொச்சியில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தின் லினக்ஸ் கணினியில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று பிரதேச செயலர் பிரிவுக்கு ஒன்றாக நான்கு கோப்புறைகளும், ஒவ்வொன்றுக்குள்ளும் காலபோகம், சிறுபோகம் என்று இரண்டிரண்டும் இருக்கின்றன. ஒரு கோப்புறைக்குள் போக ஒவ்வொரு தடவையும் ‘சீடி’ (cd) என்ற கட்டளையில் தொடங்கி முழுப் பாதையையும் தட்டுவது எங்கள் மூத்த அண்ணைக்குப் பெரிய அலுப்பு.

முதலில் அவர் ‘ஏலியாஸ்’ (alias) கட்டளையால் பூநகரிக் கோப்புறைக்குப் போக ‘பூந’ என்று ஒரு சுருக்கப் பெயர் வைத்தார். மத்தியானம் கரண்ட் போய் வந்தபோது அதுவும் போய்விட்டது. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்ற நிரலில் நேரே தட்டிய சுருக்கம் அந்த ஷெல் மூடப்படும் வரைதான் இருக்கும் என்றும், ஷெல் தொடங்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும் என்றும் விளங்கியதும் அதில் எழுதிவைத்தார்.

அத்தோடு நின்றிருக்கலாம். யாரோ சொல்லிக் கொடுத்தார்கள் என்று ‘சீடி’ கோப்புறையை எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ‘சீடிபாத்’ (CDPATH) மாறியிலும் கரைச்சியின் பாதையைப் போட்டார். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களின் கணக்கே எங்களுக்கு அதிகம் என்பதால் அது நியாயமாகவும் பட்டது. எங்கே நின்று ‘சீடி காலபோகம்’ என்றாலும் நேரே கரைச்சிக்குப் போகலாம் என்று இரண்டு நாளாக அதே புளுகம்.

பூநகரியின் மொட்டைக்கறுப்பன் நெல்லுக் கணக்கைப் பதிய, பூநகரிக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு அதே கட்டளையைத் தட்டியபோதும் கணினி அவரைக் கரைச்சிக்கே அனுப்பியது. அந்த மாறியில் முதலாவதாக ஒரு புள்ளியை இட்டு, நிற்கும் இடத்தை முதலில் பார் என்று சொல்லாவிட்டால், ஷெல் காலடியில் இருப்பதை விட்டுவிட்டு மாறியில் உள்ள பாதைக்கே போகும். போன பிறகு எங்கே வந்திருக்கிறோம் என்று முழுப் பாதையையும் ஒரு வரியில் காட்டவும் செய்யும். ஆனால் வங்கிக் கடிதத்தின் பொடி எழுத்தைக்கூட விடாமல் வாசிக்கும் அண்ணை அந்த வரியை மட்டும் வாசிப்பதில்லை.

மாத முடிவில் பட்டியலைப் பார்த்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “கரைச்சிக்காரர் எப்பயிலயிருந்து இவ்வளவு மொட்டைக்கறுப்பன் விதைக்கத் தொடங்கினவை?”

புள்ளியை இட்டதும் கோளாறு தீர்ந்தது. அடுத்த கிழமை மாங்குளத்துக்கு வேலையாகப் போன அண்ணை, அங்கிருந்த கணினியில் வழக்கம்போல ‘பூந’ என்று தட்டிவிட்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று அது சொன்னதும் கோபத்தோடு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, இஞ்ச இருக்கிற கம்பியூட்டருக்குப் பூநகரி எங்க இருக்கெண்டே தெரியாதாம்!”