கிலோ ஓம் எண்ணை நம்பி ஹம்பக்கர் வாங்க வேண்டாம்

கிட்டாரின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகத்தை, மாற்ற வேண்டும் என்று என்னிடம் வரும் தம்பிமார் பெரும்பாலும் முதலில் சொல்வது ஓர் எண்ணைத்தான்: "அண்ணே, பதினாறு கிலோ ஓம் ஹம்பக்கர் ஒன்று பார்த்தேன், நல்ல பவர் இருக்குமாம்." அந்த எண்ணைக் கொண்டு ஒரு பிக்கப்பின் குரலை மதிப்பிட முடியாது என்பதை விளக்கமாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். 2022இல் இலங்கை ரூபாயின் மதிப்பு சரிந்த பின்னர், வெளிநாட்டிலிருந்து ஒரு சோடி பிக்கப் வரவழைப்பது ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மலையக இளைஞர் ஒருவரின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடுகிறது. அந்தப் பணம் சரியான பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்னும் பிக்கப்பில், அடுத்தடுத்து இரண்டு சுருள்கள் இருக்கின்றன. மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இரண்டு சுருள்களிலும் ஒரே அளவாக ஏறினாலும், அவை எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். காந்தத் துருவங்களும் எதிரெதிராக இருப்பதால் தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொண்டு வெளிவரும். ஜெனரேட்டர் ஓடும், வண்ண விளக்குகள் நிறைந்த தோட்டத்துத் திருவிழா மேடையில் இதன் அருமை விளங்கும். ஆனால் தந்திகளில் கை பட்டதும் குறைந்து, கையை எடுத்ததும் கூடுகின்ற இரைச்சல் வேறு வகையானது. அது எர்த்தோடும் கிட்டாருக்குள் வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்போடும் தொடர்புடையது. எவ்வளவு விலையுயர்ந்த ஹம்பக்கரைப் பொருத்தினாலும் அது போகாது.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். கிலோ ஓம் என்பது சுருளில் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. பழைய கிப்சன் பிக்கப்புகளில் 42ஆம் கேஜ் (தடிமனைக் குறிக்கும் எண்) கம்பி சுற்றப்பட்டது; அவை பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டும். 44ஆம் கேஜ் கம்பி அதைவிட மெல்லியது. அதே நீளத்துக்கு அதன் தடை ஏறத்தாழ 1.6 மடங்கு ஆகிவிடும். எனவே 16 காட்டுகின்ற பிக்கப், 8 காட்டுவதைப் போல் இரு மடங்கு வலுவுடையது என்று கொள்வது தவறு. 16 கிலோ ஓமுக்குச் சற்று மேலே நிற்கும் செய்மோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி என்ற பிக்கப்பில் இருப்பது அல்நிக்கோ 5 என்னும் உலோகக் கலவைக் காந்தம். 14 கிலோ ஓமைக் கூட எட்டாத டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டோர்ஷன் பிக்கப்பில் இருப்பது செராமிக் காந்தம். எண்ணில் பின்தங்கிய இரண்டாவது, வெளியீட்டில் முதலாவதற்குச் சளைத்ததன்று.

எங்கள் மலைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. செம்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் மாறும். கொழும்பில் 31 பாகை வெக்கையில் மல்டிமீட்டரில் 8.2 காட்டிய பிக்கப்பை நுவரெலியாவில் 12 பாகைக் குளிரில் அளந்தால், அது 7.6 அளவில்தான் காட்டும். கம்பியும் சுற்றும் காந்தமும் மாறவில்லை; குளிர் மட்டுமே மாறியிருக்கிறது. பழைய பிக்கப் ஒன்றை வாங்கும்போது "சொன்னதைவிடக் குறைவாகக் காட்டுகிறது" என்று விற்பவரோடு சச்சரவுக்குப் போகுமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே எதைப் பார்த்து வாங்குவது? காந்தத்தைப் பாருங்கள், அதைவிட முக்கியமாக, நீங்கள் வாசிக்கும் இடத்தைப் பாருங்கள். எங்கள் இசைக்குழுக்களில் கீபோர்டு நடு அலைவரிசைகளை நிரப்பிவிடுகிறது. மண்டபமோ தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் கொண்டதாக ஒலியை அதிர அதிரத் திருப்பி அனுப்புகிறது. அங்கே மிகை வெளியீடுள்ள பிக்கப் சேற்றில் இறங்கிய வண்டியைப் போல் சிக்கிக்கொள்ளும். கோர்டின் தனித்தனிச் சுரங்கள் கேட்கவே கேட்காது. பிரிட்ஜில் (தந்திகள் முடியும் பக்கத்தில்) பழைய கிப்சன் போல் 42ஆம் கேஜ் கம்பி சுற்றிய, 8 கிலோ ஓம் அளவிலான அல்நிக்கோ 5, நெக்கில் (கழுத்துப் பக்கத்தில்) அதைவிடச் சற்றுக் குறைந்தது என்ற சேர்க்கையே பாட்டுக்குப் பின்னால் தெளிவாக நிற்கிறது என்பது என் துணிபு. கூடுதல் முரட்டுத்தனம் வேண்டுமானால் காலால் இயக்கும் பெடலில் பெற்றுக்கொள்ளலாம். பிக்கப் தொலைத்த தெளிவைப் பெடலால் மீட்க முடியாது. கனமான மெட்டல் இசை மட்டுமே வாசிப்பவர்களுக்குச் செராமிக் பொருந்தும், அதை மறுக்கவில்லை.

மெழுகில் தோய்க்கப்பட்ட பிக்கப்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய முறையில் மெழுகிடாமல் விற்கப்படுபவை இனிமையானவைதான். ஆனால் இடமில்லாத மேடையில் ஸ்பீக்கருக்கு முன்னேயே நின்று வாசிக்க நேர்ந்தால், சுருளின் கம்பிகள் தாமே அதிர்ந்து வீறிடத் தொடங்கும்.

பணத்தைச் செலவிடுமுன் செய்து பார்க்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திக்கொண்டு, பிரிட்ஜ் பிக்கப்புக்கும் தந்திக்கும் நடுவே 1.6 மில்லிமீட்டர், நெக் பிக்கப்புக்கு 2.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அங்கிருந்து காதால் கேட்டபடி அரைத் திருகு, கால் திருகாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்காக ஈரம் வற்றாத ஊர்களில், பிக்கப்பின் குற்றமென்று நினைக்கப்படும் கரகரப்பு பெரும்பாலும் வால்யூம் பொட்டிலோ (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) கேபிள் செருகும் ஜாக்கிலோ இருக்கிறது. அந்தப் பொட்டின் மதிப்பு 250 கிலோ ஓமாக இருந்தால், 500 ஆக மாற்றிய உடனேயே மேல்சுரங்கள் திறந்துகொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்குவதென்றால், தந்தி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கிப்சன் வகையில் முனைத் திருகுகளுக்கு நடுவே 49 மில்லிமீட்டர் அளவும், அகன்ற பிரிட்ஜுக்குரியதில் 51 முதல் 53 மில்லிமீட்டர் அளவும் இருக்கும். இரண்டு நிறுவனங்களின் பிக்கப்புகளைக் கலப்பவர்கள் வயர் நிறத்திலும் கவனமாக இருக்க வேண்டும்: செய்மோர் டங்கனில் கறுப்பு சமிக்ஞை வயர், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்பவை, டிமார்சியோவில் சிவப்பு சமிக்ஞை வயர், கறுப்பும் வெள்ளையும் சேர்பவை. இரண்டிலும் பச்சை எர்த்துக்குப் போகிறது. எல்லாம் பொருத்திய பின் சுவிட்சை நடுவில் வைத்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து, அடிச்சுரம் காணாமல் போனால், இரு பிக்கப்புகளும் எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் ஒலியை மற்றது அழிக்கும்படி, இருக்கின்றன. நான்கு வயர் உள்ளவற்றில் ஒன்றின் கறுப்பையும் பச்சையையும், அல்லது சிவப்பையும் பச்சையையும், இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். வெறுமையான மறைப்பு வயர் மட்டும் எப்போதும் எர்த்திலேயே இருக்கட்டும்.