பெட்டி கைக்கு வந்துவிட்டால் செக்யூரிட்டியும் மறுபடி வரும்

"ஏறும்போதே எல்லாம் செக் பண்ணித்தானே விட்டாங்க, இறங்கினப்புறம் எதுக்கு மறுபடியும்?" வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறும் வரிசையில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு மொழியில் காதில் விழாமல் இருந்ததில்லை. பேக்கிங் இயந்திரங்களைத் தொழிற்சாலைகளில் நிறுவிக் கொடுப்பது என் வேலை. அந்தத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் பெரிய விமான நிலையம் இருக்கும் ஊரில் இருப்பதில்லை. அதனால் எங்கே போனாலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு, அதில் இரண்டாவது சோதனையும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். முதல் காரணம், பெட்டி. செக்-இன் பெட்டியில் கத்தி இருக்கலாம், கத்தரிக்கோல் இருக்கலாம், ஒரு லிட்டர் ஷாம்பு இருக்கலாம். என் பெட்டியில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனரே இருக்கும். கஸ்டம்ஸுக்காக அந்தப் பெட்டியை பெல்ட்டிலிருந்து எடுத்த நொடியிலிருந்து, அதில் உள்ள எதுவும் நம் கைப்பைக்கு மாறியிருக்கலாம். அதோடு, நாம் வெளியே வரும் கூடத்தில் தெருவிலிருந்து வந்தவர்களும் நிற்கிறார்கள். இரண்டாவது காரணம், ஏறிய நாட்டில் நடந்த சோதனையை இறங்கிய நாடு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் சோதனையை ஏற்கிறது. அங்கிருந்து வந்து ஐரோப்பாவுக்குள் மாறுபவர்களுக்குப் பொதுவாக இரண்டாவது சோதனை கிடையாது. இந்தியாவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய் இறங்கினால் உண்டு. ஆனால் அங்கே பெட்டியை எடுக்க வேண்டியதில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் இமிக்ரேஷன் மட்டும் ஃபிராங்க்ஃபர்ட்டில் முடியும், பெட்டி கடைசி ஊருக்குத் தானே போய்விடும். இன்னொரு வகை, அமெரிக்காவுக்குப் போகிறவர்களின் இமிக்ரேஷனையும் கஸ்டம்ஸையும் ஏறும் ஊரிலேயே முடித்துவிடுவது. டப்ளின், அபுதாபி, டொரன்டோ போன்ற இடங்களில் அந்த வசதி இருக்கிறது. அப்படி ஏறினால் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போலவே இறங்கி, நேராக அடுத்த கேட்டுக்கு நடக்கலாம். வழியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், கொஞ்சம் சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று நான் இதைத்தான் எடுப்பேன்.

மற்ற வழிகளில் பெட்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இந்தியாவிலும் பொதுவாக இதே வரிசைதான்: இமிக்ரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ், மறு ஒப்படைப்பு, அதன்பிறகு செக்யூரிட்டி. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஏறும் ஊர் கவுண்டரில் "உங்க பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகும்" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பெட்டியில் கட்டிவிடும் டேகிலும் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறிதான் இருக்கும். இரண்டும் பொய்யில்லை. பெட்டி அங்கே போகத்தான் போகிறது, ஆனால் நடுவில் ஒருமுறை நம் கையால் கஸ்டம்ஸைத் தாண்டியாக வேண்டும். எடுக்காமல் போனால் அது பெல்ட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் மட்டும் ஊர் போய்ச் சேருவோம். ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி "பெட்டி கடைசி வரை போகுமா?" என்பதல்ல, "நடுவில் எந்த ஊரில் நான் பெட்டியை எடுக்கணும்?" என்பதுதான்.

கஸ்டம்ஸ் கதவைத் தாண்டியதுமே பெரும்பாலும் ஒரு கவுண்டரோ பெல்ட்டோ இருக்கும், இணைப்பு விமானப் பயணிகளுக்கென்று. ஏற்கனவே டேக் போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு நடக்கலாம். கூட்டத்தோடு கூட்டமாக அதைக் கடந்து வெளியே போய்விட்டால், விமான நிறுவனத்தின் சாதாரண செக்-இன் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான்.

பெல்ட்டுக்கும் இந்தக் கவுண்டருக்கும் நடுவில் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் முழுப் பயணத்திலும் எனக்கு முக்கியம். எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒரு தூண் பக்கமாக ஒதுங்கி, பெட்டியைத் தரையில் படுக்க வைத்துத் திறப்பேன். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய திரவம் எதுவாக இருந்தாலும் அதற்குள் போகும். விமானத்தில் வைத்துக்கொண்ட பெரிய க்ரீம் டியூப் போகும். சின்ன ஸ்க்ரூடிரைவர் கைப்பையில் தங்கியிருந்தால் அதுவும் போகும். இது முடிந்துவிட்டால் அடுத்த சோதனை ஒரு பொருட்டே இல்லை.

இதைச் செய்யாமல் வருபவர்களின் நிலைமையை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. கணவர் கையில் டியூட்டி ஃப்ரீ பை, உள்ளே இரண்டு பெரிய வாசனைத் திரவ பாட்டில்கள். விளிம்பில் சிவப்புக் கோடு போட்ட, ஒட்டி மூடிய ஒளிபுகும் பை அது. உள்ளே பில் வெளியே தெரியும்படி இருக்கும். பிரித்தால் பிரித்தது தெரிந்துவிடும், அதற்காகவே செய்தது. வாங்கி 48 மணி நேரத்துக்குள், பை பிரியாமல், பில்லோடு இருந்தால் அமெரிக்க உள்நாட்டுச் சோதனையிலும் அதை விடுவார்கள், இயந்திரத்தில் தேறினால். பீங்கான், உலோகம் போன்று உள்ளே தெரியாத பாட்டில் என்றால் அதுவும் சந்தேகம்தான். இவர் பையின் மேற்புறம் கிழிந்திருந்தது. விமானத்தில் மனைவிக்குக் காட்டுவதற்காகத் திறந்தாராம். பில்லை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அதிகாரி பில்லைப் பார்க்கவே இல்லை, கிழிந்த விளிம்பைத்தான் மடக்கிப் பிடித்துக் காட்டினார், மரியாதையாகவே. பெட்டியில் போட்டு அனுப்பலாம், வெளியே போய் வரலாம் என்றார். பெட்டி ஏற்கனவே பெல்ட்டில் போயாகிவிட்டது. அந்த அம்மா கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டில்கள் தொட்டிக்குள் போன பிறகு, ட்ரேயில் இருந்த தன் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்று ட்ரேயும் கணவருக்குத்தான் மிச்சம்.

கைப்பையில் திரவ பாட்டில் எதுவும் 100 மில்லியைத் தாண்டக்கூடாது என்ற விதி பிறந்த கதை பலருக்கும் நினைவிருக்கும். 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதியை பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். முதலில் திரவமே கூடாது என்றார்கள், சில வாரங்களில் அது 100 மில்லி பாட்டில்கள், ஒரு லிட்டர் பை என்று தளர்ந்தது. இன்றும் பலர் மறப்பது ஒன்றுதான்: பாட்டிலின் அளவுதான் கணக்கு, உள்ளே இருப்பது அல்ல. 150 மில்லி டியூபில் கால்வாசி பேஸ்ட் இருந்தாலும் அது 150தான். விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டிலும் இதில் சேர்த்தி. இறங்குவதற்கு முன் குடித்துவிட்டுக் காலியாக எடுத்துப் போனால் போதும்.

இதில் வேடிக்கை, உள்நாட்டு விமானம் என்றால் எல்லா நாட்டிலும் ஒரே சட்டம் கிடையாது. ஜப்பானில் உள்நாட்டுப் பயணத்துக்குத் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொண்டுபோகலாம், ஒரு கருவியில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் உள்நாட்டுக்கு 100 மில்லி கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதே உள்நாட்டு விமானம் சர்வதேச டெர்மினலிலிருந்து கிளம்பினால் கட்டுப்பாடு உண்டு. கருவிகள் விஷயத்தில் எனக்குத் தினமும் கணக்குதான். அமெரிக்காவில் 7 அங்குலம் வரையுள்ள ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் விடுவார்கள். ஐரோப்பாவில் அதன் தண்டு 6 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏறிய இடத்தில் விட்டார்களே என்று மாறும் இடத்தில் வாதாடிப் பயனில்லை.

இப்போதெல்லாம் என்னைக் கவலைப்பட வைப்பது திரவம் அல்ல, பவர் பேங்க். சீனாவில் 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அதோடு வந்து இறங்கிவிடலாம், அடுத்த உள்நாட்டு விமானத்தில் ஏறும்போதுதான் பிடிபடும். சிகரெட் லைட்டரும் அங்கே கைப்பையிலும் ஆகாது, பெட்டியிலும் ஆகாது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 100 வாட்-ஹவர் வரை கேள்வி இல்லை. 20,000 மில்லி-ஆம்ப்-ஹவர் என்று போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-ஹவர், பயமில்லை. எழுத்து தேய்ந்துபோன பழைய பவர் பேங்க் என்றால், எத்தனை நல்லதாக இருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கணக்குப் போட்டுக் காட்ட அங்கே எண்ணே இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் மேலே சொன்ன தூண் பக்கத்து மறு அடுக்கலில், பாரம் குறையட்டும் என்று பவர் பேங்க்கையும் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது கைப்பையில் மட்டும்தான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போனால் ஸ்கேனில் மாட்டிப் பெட்டியே நின்றுவிடும்.

ட்ரே முன்னால் நிற்கும்போது முன்னாலிருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்யாதீர்கள், அவருக்கும் தெரியாது. பையின் உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் புதிய சிடி ஸ்கேனர் உள்ள வரிசையில் லேப்டாப்பை எடுக்க வேண்டாம் என்பார்கள், பக்கத்து வரிசையில் எடுக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஷூ கழற்றும் வழக்கத்தை 2025 ஜூலையில் பொதுவாக நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பழக்கத்தில் குனிகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ரே பக்கத்தில் கத்திக்கொண்டிருப்பவர் சொல்வதுதான் அன்றைக்கு அந்த வரிசையின் சட்டம்.

டெர்மினல் மாறுகிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். டெல்லியில் மூன்றாம் டெர்மினலில் இறங்கி, முதல் டெர்மினலிலிருந்து உள்நாட்டு விமானம் என்றால் சாலை வழியாகத்தான் போக வேண்டும். மும்பையிலும் இரண்டு டெர்மினல்களும் ஒட்டி இல்லை. இந்தியாவில் இப்படி வெளியே போய் உள்ளே வந்தால், வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். வெளிநாட்டு சிம்மில் இணையம் வராத நேரத்தில் டிக்கெட்டை மின்னஞ்சலில் தேடுவது பெரிய இம்சை, படமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு நேர இடைவெளி வேண்டும்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு, டிக்கெட் போடும் மென்பொருள் அதற்குக் குறைவாகக் காட்டாது. அது எல்லாம் சரியாக நடந்தால் போதுமான நேரம். ஒரே டிக்கெட்டாக இருந்து, முதல் விமானம் தாமதமானதால் அடுத்தது தவறினால் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு, அதனால் மூன்று மணி நேரம் எனக்குப் போதும். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் போட்டால் யாரும் பொறுப்பில்லை. பெட்டிக்கு டேகும் கிடைக்காது, அடுத்த நிறுவனத்தின் கவுண்டரில் முதலிலிருந்து நிற்க வேண்டும், அந்தக் கவுண்டரும் விமானம் கிளம்புவதற்கு வெகு முன்பே மூடிவிடும். அப்படிப்பட்ட டிக்கெட்டில் நான் நடுவில் ஒரு இரவையே விட்டுவிடுவேன். மிச்சம் பிடித்த பணம் அறை வாடகைக்குப் போகும், தெரிந்துதான் செய்கிறேன்.

நேரம் நெருக்கினால் வரிசையில் இருப்பவர்களிடம் கெஞ்சுவதைவிட, வரிசையின் தலையில் நிற்கும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டுங்கள். இணைப்புப் பயணிகளுக்குத் தனிப் பாதை இருந்தால் திறந்துவிடுவார்கள், இல்லையென்றாலும் கேட்டதற்குக் கோபப்பட மாட்டார்கள். அப்புறம், அந்த போர்டிங் பாஸில் அச்சாகியிருக்கும் கேட் எண்ணை நம்ப வேண்டாம். அது பல மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் அடித்தது. இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு, திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு நடங்கள்.