அம்மாவின் உள்காது ஸ்கேன்: ஒரு நடையில் முடியாமல் மூன்று நடை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மூன்று நடை. ஒரே நடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இடது காதில் போனை வைத்தால் "சத்தம் வருது, என்ன சொல்றேன்னு புரியலடா" என்பார் அம்மா. ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) இடது காது மட்டும் இறங்கியிருந்தது. சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அதைவிட மோசம். ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டுமாம். மஞ்சக்குப்பம் டாக்டர் 'உள்காது எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்ட்டுடன்', அதாவது கட்டி தெளிவாகத் தெரிய மருந்து ஊசி போட்டு, என்று தெளிவாகத்தான் எழுதினார்.

புதுச்சேரி ஸ்கேன் சென்டர் கவுண்டரில் 'பிரெய்ன் பிளெயின்' (ஊசி இல்லாத சாதாரண மூளை ஸ்கேன்) என்று பில் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "காதும் தலைக்குள்ளதானே சார்" என்றார் அந்தப் பையன். நானும் பணத்தைக் கட்டிவிட்டேன். ரிப்போர்ட் நார்மல். கோயிலுக்குப் போய் அர்ச்சனைகூட செய்தோம். டாக்டர் படத்தைப் பார்த்துத் தலையசைத்தார். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிய படம். நரம்பு போகும் எலும்புக் குழாயின் நீளமே சுமார் 1 சென்டிமீட்டர்தான். சின்னக் கட்டி நடுவில் நழுவிவிடும், 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய வெட்டு வேண்டும் என்றார்.

இரண்டாம் நடை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இல்லாமல் கான்ட்ராஸ்ட் ஊசி போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அவர்கள் கேட்டது நியாயம். போனில் நேரம் வாங்கியபோதே சொல்லியிருக்கலாமே! அரைநாள் பட்டினியோடு அம்மா பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நடை சரியாக நடந்தது. முந்தின இரவே தேங்காயெண்ணெய் தடவி மெட்டியைக் கழற்றி, தாலிச்சரடுக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டோம். நகை போட்டிருப்பவர்கள் இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

வெஸ்டிபுலர் ஷ்வானோமா, அதாவது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வரும் கட்டி, 8 மில்லிமீட்டர். புற்றுநோய் இல்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இத்தனூண்டு கட்டிக்கு இவ்வளவு காது போகுமா என்று கேட்டேன். 'ஃப்ளேர்' என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் இடது நத்தையெலும்பு (உள்காதில் ஒலியை உணரும் பகுதி) வலதைவிட வெளுப்பாக இருந்ததை டாக்டர் காட்டினார். உள்காது நீரில் புரதம் கூடினால் அப்படித் தெரியுமாம். கட்டியின் அளவை மட்டும் வைத்துக் கேட்கும் திறனைக் கணிக்க முடியாது என்றார்.

இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை, 6 மாதத்தில் மறுபடி ஸ்கேன். வளர்ந்ததா என்று ஒப்பிட ஃபிலிம் மட்டும் போதாது, சிடியைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டும் முன் டாக்டர் சீட்டையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'உள்காது' என்று பில்லில் இல்லையென்றால் நகராதீர்கள்.