தாழ்ப்பாள்

ஜூலை 9
மூன்றாவது நாளாக வயிற்றுவலி என்கிறாள் மகள். கொடுத்த மாத்திரை ஜன்னலுக்குக் கீழே மண்ணில் கிடந்தது.

ஜூலை 11
ராத்திரி 2 மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னாள். அவள் பெயரில் இன்ஸ்டாவில் யாரோ ஒரு கணக்கு. ஆண்டு விழாவில் எடுத்த படம், முகம் அவளுடையது, உடம்பு அவளுடையது இல்லை. 83 பேர் ஃபாலோ செய்கிறார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து பிறந்தநாள் கேக் சாப்பிட்டுப் போன பிள்ளைகள். மூன்று வாரமாகத் தெரியுமாம். ஏன் கண்ணு சொல்லவில்லை என்றேன். "சொன்னா போனை வாங்கிடுவீங்கல்ல" என்றாள்.

ஜூலை 12
அவர் எழுந்ததும் முதலில் சொன்னது போனைப் பிடுங்கு என்பதுதான். நான் விடவில்லை. பிடுங்கினால் அந்தக் கணக்கு போய்விடுமா, அடுத்த முறை நம்மிடம் வந்து சொல்வாளா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன், கல்யாணமாகி 17 வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

மதியம் வக்கீல் தம்பியிடம் பேசினேன். வந்த மிரட்டல் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க அக்கா, ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, கணக்கோட லிங்க்கையும் எடுத்து வையுங்க, அந்தப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீங்க, எனக்குக்கூட வேண்டாம், குழந்தையோட அப்படிப்பட்ட படத்தைப் பரப்புறதே ஐ.டி. சட்டம் 67பி பிரிவுல குற்றம் என்றான்.

ஜூலை 13
சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுத்தோம். பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப்பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். நான் அதையே அழுத்தப் போனேன். "நான் என்ன தப்பு பண்ணேன், பேரோடயே போடுங்க" என்றாள். அப்புறம் டேக் இட் டவுன். 18 வயது ஆகும் முன் எடுத்த படங்களுக்கு என்றே உள்ள சேவை. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அதற்கென்று ஓர் அடையாளக் குறியை மட்டும் போனிலேயே உருவாக்கி அனுப்புகிறது, அதை வைத்து இன்ஸ்டா மாதிரியான தளங்கள் அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிடுமாம். படத்தை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 14
106 பேர்.

ஜூலை 15
பள்ளிக்குப் போனோம். பெண் பிள்ளை விஷயம், பெரிதாக்காதீர்கள் என்றார்கள். யார் பெரிதாக்கியது? 2016-ல் சேலம் பக்கம் ஒரு பெண் இப்படி மார்ஃப் செய்த படத்தால் உயிரை விட்டபோது இவள் ரொம்பச் சின்னப் பிள்ளை. டிவியில் அந்தச் செய்தி ஓடியது, இவள் காதில் விழ வேண்டாம் என்று சேனலை மாற்றினேன். மாற்றியிருக்கக் கூடாது. இவளை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும், பத்து வயதிலாவது, போன் வாங்கிக்கொடுத்த அன்றைக்காவது.

ராத்திரி மூன்று தடவை எழுந்து அவள் மூச்சுவிடுகிறாளா என்று பார்த்தேன்.

ஜூலை 16
ரேஷன் கடையில், அந்தப் படத்துக்குக் கீழே சிரிப்பு முகம் போட்ட பையனின் அம்மா. நல்லா இருக்கீங்களா அக்கா என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூலை 18
கணக்கு இல்லை. தேடித்தேடிப் பார்த்தோம், இல்லை. இரண்டு தோசை சாப்பிட்டாள். ஸ்டேஷனில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 19
"அம்மா, தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுடுங்க, ப்ளீஸ்."

நாளைக்குப் போடலாம் என்றேன்.