தானாகத் திறந்துகொள்ளும் பக்கம்

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவே அமைந்த ஒரு பொது நூலகத்தில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் நூலகங்களில் இரவல் கொடுப்பதும் நூலைத் திரும்பப் பெறுவதும் இயந்திரத்தின் வேலையாகி அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், யார் எதை எடுத்துச் செல்கிறார் என்பதை முகம் பார்த்து அறியும் வாய்ப்பு எங்களுக்கு அரிதாகவே கிடைத்தது. வாசகர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, காலையில் திருப்பும் பெட்டியைத் திறந்து நூல்களை வகைபிரிக்கும்போது அந்த நூல்களே சொன்னவைதான். சமையல் நூலில் மஞ்சள் கறை இருக்கும். தேர்வு வழிகாட்டியில் அழிக்கப்படாத பென்சில் கோடுகள் இருக்கும். இயந்திரம் கொடுத்த ரசீதே பக்க அடையாளமாகி உள்ளே தங்கியிருக்கும்.

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலுக்கு வேறோர் அடையாளம் இருந்தது. அதன் பிரதிகளில் எதை மேசைமேல் முதுகுப்புறமாக வைத்துக் கையை எடுத்தாலும், அது தானாகவே விரிந்து பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நின்றது. ஒரு பிரதி என்றால் தற்செயல் எனலாம். எங்களிடம் இருந்த எல்லாப் பிரதிகளும் அப்படித்தான் விரிந்தன.

2005இல் வெளிவந்த அந்த நாவலை அதுவரை நான் படித்ததில்லை. படிக்காமலேயே அலட்சியம் செய்திருந்தேன் என்பதுதான் உண்மை. 2008இல் திரைப்படமும் வந்துவிட, முன்பதிவுப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதை எடுக்க வந்து கிடைக்காமல் திரும்பும் இளையர்களுக்காக, ‘தரமான’ நூல்கள் என்று நான் கருதியவற்றைத் தனியொரு அடுக்கில் அழகாக வரிசைப்படுத்தி வைத்தேன். இரண்டு மாதத்தில் அந்த அடுக்கில் நகர்ந்தவை மிகச் சில. அதன் பிறகுதான் ஒரு பிரதிக்குத் தமிழ் முரசு நாளிதழ்த் தாளால் அட்டை போட்டு, எம்ஆர்டி ரயிலில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சத்துடன் படிக்கத் தொடங்கினேன்.

வாஷிங்டன் மாநிலத்தில், மழையும் மேகமும் விலகாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, காவல்துறையில் பணிபுரியும் தந்தையுடன் வாழ வருகிறாள் பதினேழு வயதுப் பெல்லா. அவளுடன் படிக்கும் எட்வர்ட், மனித இரத்தத்தைத் தவிர்த்து விலங்குகளின் இரத்தத்தை மட்டுமே குடிப்பதென்று கட்டுப்பாடு வைத்திருக்கும் ஓர் இரத்தக் காட்டேரிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அந்தக் கட்டுப்பாட்டையே உடைத்துவிடும் அளவுக்கு அவளுடைய இரத்தத்தின் மணம் அவனை இழுக்கிறது. வெயில் பட்டால் அவர்களின் தோல் வைரம்போல் மினுங்கும் என்பதால்தான் அந்த மழை ஊரில் வாழ்கிறார்கள். (நம் ஊர் வெயிலில் அந்தக் குடும்பம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது.) பதின்மூன்றாம் அத்தியாயத்தில் இருவரும் காட்டுக்குள் ஒரு புல்வெளியில் அமர்ந்து பேசுகிறார்கள். வகுப்பில் சந்தித்த முதல் நாளிலேயே அவளைக் கொல்லும் நிலைக்குத் தான் எவ்வளவு நெருங்கினேன் என்று அவன் சொல்கிறான். பிறகு அவள் மார்பில் தலைசாய்த்து இதயத் துடிப்பைக் கேட்கிறான். துரத்தலும் சண்டையும் நூலின் பிற்பகுதியில் வருகின்றன. அந்தப் பக்கங்களில் எந்தப் பிரதியும் மடிந்திருக்கவில்லை.

நடையில் எனக்குக் குறைகள் தெரிந்தன. அவன் அழகை வருணிக்கும் அடைமொழிகள் அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. அதைவிட, அவளுக்குத் தெரியாமல் இரவில் அறைக்குள் நுழைந்து அவள் தூங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பது என்னை உறுத்தியது. உயர்நிலை மூன்றில் படித்த, அடிக்கடி வரும் ஒரு மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “மிஸ், எங்க வீடு பதினோராவது மாடி. ஜன்னல்ல கம்பி இருக்கு. நானும் பாட்டியும் ஒரே ரூம்,” என்றாள். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு என்று பிறர் போட்ட அட்டவணைப்படி நாள் நகரும் ஒரு பெண்ணுக்கு, தன்னை மட்டுமே கவனிப்பதற்காக ஒருவன் இரவெல்லாம் விழித்திருக்கிறான் என்ற கற்பனை என்ன தருகிறது என்பதை அந்தப் பதில் எனக்கு உணர்த்தியது. என் உறுத்தல் அதனால் மறையவில்லை. ஆனால் அவளுக்கு அறிவுரை சொல்லும் அவசரம் மறைந்தது.

உடன் பணிபுரிந்த மலாய்த் தோழி இதை வேறு கோணத்தில் பார்த்தார். பொந்தியானாக் என்னும் மலாய்ப் பெண் பேயின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1957இல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட ‘பொந்தியானாக்’ படத்தைப் பற்றித் தம் தாயார் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துவாராம். கெம்போஜாப் பூ மணத்துடன் வரும் அந்தப் பேயும், மல்லிகை மணத்துடன் வரும் நம் மோகினியும் பெண்கள். அவற்றிடம் மயங்கி அழிபவன் ஆண். “இந்தக் கதையில்தான் பெண் பேயாக இல்லை,” என்றார் அவர். அந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கே ஆபத்தானவன் ஆண், அவனை விரும்பி நெருங்குபவள் பெண், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டிய பொறுப்பும் அவனுடையது. விரும்பியதற்காக அவள் பேயாக்கப்படுவதில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் ஒரு தாயார் அந்த நூலை மேசைமேல் வைத்து, “தங்கச்சி, இது பேய்க் கதையா, காதல் கதையா?” என்று கேட்டார். அவருடைய மகள் அடுக்குகளுக்கு அப்பால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேய்க் கதைதான், அக்கா,” என்றேன். “அப்படின்னா படிக்கட்டும். அடுத்த வருஷம் ஓ லெவல், அதான் கேட்டேன்,” என்று அவர் நிம்மதியுடன் நூலை மகளிடம் கொடுத்தார்.

அன்றிரவு குறுந்தொகையின் 362ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. காதலால் மெலிந்த மகளை முருகன் அணங்கினான், அதாவது பிடித்து வருத்தினான் என்று நம்பி, தாய் முருக பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டுச் சடங்கு நடத்துகிறாள். ஆட்டுக்குட்டியைப் பலியிட வந்த வேலனிடம், இவளை அணங்கிய மலைநாட்டுத் தலைவனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமோ என்று கேட்கிறாள் தோழி. மகளைத் தெய்வமோ பேயோ பிடித்தது என்றால் தாய்க்குத் தாங்கிக்கொள்ள முடிகிறது. காதல் என்றால் முடிவதில்லை. அச்சத்தையும் ஈர்ப்பையும் பிரிக்காமல் சொல்ல நம்மிடம் ‘அணங்கு’ என்ற ஒரே சொல் இருக்கிறது. அந்தப் புல்வெளி அத்தியாயம் முழுவதும் அந்தச் சொல்லுக்கு எழுதப்பட்ட உரைபோல இப்போது எனக்குத் தோன்றுகிறது. தோழி வேலனிடம் உண்மையைச் சொன்னாள்; நான் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன்.

2020ஆம் ஆண்டில், அதே கதையை எட்வர்டின் பார்வையில் சொல்லும் ‘மிட்நைட் சன்’ வெளிவந்தது. அதைத் தேடி வந்தவர்களில் பள்ளிச் சீருடை அணிந்தவர்களைவிட, முகக்கவசத்துடன் தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்களையே நான் அதிகம் பார்த்தேன். முதலில் திரும்பி வந்த பிரதியை, பழைய பழக்கத்தால் மேசைமேல் வைத்துக் கையை எடுத்தேன். தடித்த புது நூல் என்பதால் அது விரியவில்லை. உள்ளே ஒரு ரசீது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன், புல்வெளி.