அன்றைய குப்பை, அன்றைய அட்டை

தினமும் ஒரு சின்ன கொலாஜ், அதாவது தாளும் துண்டுதுணுக்கும் அட்டையில் ஒட்டிச் செய்யும் படம், என்று தொடங்கியது இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் மன உறுதியைப் பாராட்ட வேண்டாம், எல்லாம் இரண்டு விதிகளின் வேலை. அட்டை 6.4 × 8.9 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது. அன்றைக்குக் குப்பைக்குப் போகவிருந்ததை மட்டுமே ஒட்ட வேண்டும். மிஞ்சியது இரவே தொட்டிக்குப் போய்விடும், ‘நாளைக்கு ஆகும்’ என்ற பேச்சே கிடையாது.

அளவு நான் கண்டுபிடித்ததல்ல. எம். வான்சி ஸ்டிர்னமான் என்ற கலைஞர் 1997இல் ஜூரிக்கில் இந்த அளவில் அட்டைகள் செய்து, பிறரோடு மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். விற்பதில்லை, மாற்றிக்கொள்வதுதான். நான் மாற்றிக்கொள்ள ஆள் தேடவில்லை. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டையைப் பார்த்தால் கை தயங்குவதில்லை. மூன்று துண்டு ஒட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாவது விதிதான் உயிர்நாடி. பெட்டி நிறையத் துணுக்குகள் இருந்தால் எதை எடுப்பது என்று கிளறுவதிலேயே பொழுது போய்விடும். ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட், உறை, கம்பி, மரத்துண்டு என்று எதையும் விட்டுவைக்காமல் பொறுக்கியவர். 1919இலிருந்து ‘மெர்ஸ்’ என்ற பெயரில் அவற்றைப் படைப்பாக்கினார். கடைசியில் ஹானோவரில் அவர் குடியிருந்த வீட்டின் அறைகளே ஒரு படைப்பாக வளர்ந்துவிட்டன. நமக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை கையில் பட்டவற்றில் என்னை அதிகம் இழுத்தது பில் காகிதம். கடையில் அச்சடித்துத் தரும் வழவழப்பான அந்தச் சுருளில் மை கிடையாது, காகிதத்தின் மேல்பூச்சுதான் சூடுபட்டுக் கறுக்கிறது. அப்படியென்றால் நாமும் கறுக்க வைக்கலாமே! கரண்டியின் பின்புறத்தைச் சூடாக்கி மெல்ல வைத்து எடுத்தால் கருப்பு வட்டம் விழுகிறது. அழுத்த அழுத்த நிறம் அடர்கிறது. நகத்தால் வேகமாகக் கீறினால் பென்சில் போட்ட மாதிரி சாம்பல் கோடு. ஒரு சொட்டு சானிடைசர் பட்டால் ஓரம் பிசிறிய கறை. ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைத்துவிடுவதால் வருவது அது. பெயின்ட் டப்பாவைத் திறக்காமலே மூன்று வகைக் கருப்பு கிடைத்துவிடுகிறது. இரண்டு எச்சரிக்கைகள்: வெளிச்சம் பட்டால் இந்தக் கருப்பு நாளடைவில் மங்கும், ஆகவே காய்ந்த கையோடு படம் எடுத்துவைக்கிறேன். இந்தக் காகிதங்கள் பலவற்றில் பிஸ்பினால் வகை வேதிப்பொருள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் இதில் பிஸ்பினால் ஏ-வை 0.02 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

டீ பேக் இதற்கு நேர்மாறான ஆள். பிரித்து, தூளைக் கொட்டி, அலசி உலர்த்தினால் கறை படிந்த மெல்லிய தாள் கிடைக்கும். ஈரத்தில் கிழியாதபடி நீண்ட நார்களால் செய்ததென்பதால் பசை குடித்தும் தாங்குகிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மேலே பூசினால், காய்ந்தபின் கிட்டத்தட்டக் கண்ணாடி போல ஆகிவிடும். அடியில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும், கறை மட்டும் மேலே நிற்கும். வலைபோல் பளபளக்கும் வகை வேண்டாம். அது பிளாஸ்டிக், பசையை வாங்காது.

பழைய உறைகளை வீசுவதற்கு முன் உள்பக்கத்தைப் பாருங்கள். கடிதம் வெளியே தெரியாமலிருக்க அச்சிட்ட நீலக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். பின்னணிக்கு அதைவிட நல்லது எனக்கு இன்னும் சிக்கவில்லை.

செய்தித்தாள் பழுப்பாகிவிடும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் நிறம் மாறுவதால் அப்படி ஆகிறது. 1912இல் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் மரக்கோடு அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஓவியத்தில் ஒட்டினார். பிக்காசோ அதே ஆண்டில் செய்தித்தாளையே ஒட்டினார். அந்தத் துண்டுகள் இன்று பழுப்பேறித்தான் இருக்கின்றன. யாரும் கழற்றி எறிந்துவிடவில்லை. நானும் ஒட்டுகிறேன்.

தொல்லை கொடுப்பது அட்டை வளைவதுதான். ஒட்டும் தாள் பசையின் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. முன்பக்கம் ஒட்டியதற்கு ஈடாகப் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். ஆனால் நார் ஓடும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தாளைக் கிழித்துப் பார்த்தால் தெரியும்: நாரோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். பிறகு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஓரிரவு விட்டுவிட வேண்டும். காய்ந்த வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கிலிருந்து உரிந்து வந்துவிடும் என்பதால் பயமில்லை.

இன்னும் மசியாதது மாத்திரைப் பட்டையின் வெள்ளித்தாள். பேனா முனையால் பின்னிருந்து அழுத்திக் கோடு போட்டால் அழகாகப் புடைக்கிறது, ஒட்டினால்தான் நிற்பதில்லை. ஈரத்தை உறிஞ்சாத பரப்பில் வெள்ளைப் பசைக்குப் பிடிமானம் கிடையாது. இப்போதைக்குப் பசையை விட்டுவிட்டு ஊசிநூலில் இறங்கியிருக்கிறேன். முதலில் ஊசியால் துளை போட்டுக்கொண்டு, பிறகு நூலை நுழைத்தால் தாள் கிழிவதில்லை. தையல் கோணல்மாணலாக வந்தாலும் பளபளப்புக்குப் பக்கத்தில் அது நன்றாகத்தான் இருக்கிறது. அறுந்த சட்டைப் பொத்தான் ஏதாவது அகப்பட்டால் அதையும் சேர்த்துத் தைத்துப் பார்க்க வேண்டும்.