கிளாஸ்டன்பரியில் பெல்டேன்: மூன்று பவுண்டு பஸ்ஸும் முப்பது ரிப்பனும்

கேசில் கேரி ஸ்டேஷனில் இறங்கி டாக்சி பிடிக்கவே பிடிக்காதீர்கள். விக்கா சமயத்தின் பெல்டேன் பெருநாளைப் பார்க்க, மே 1 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கிளாஸ்டன்பரிக்குப் போக நினைக்கிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். லண்டன் பேடிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயில். மேப்பில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் அங்கிருந்து ஊர் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, ஸ்டேஷனைச் சுற்றி வயல்தான். நிற்பது ஒரே வண்டி என்றால் டிரைவர் சொல்வதுதான் கூலி. ரயில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் போய்விடும். கிளாஸ்டன்பரிக்கென்றே ஒரு ஸ்டேஷன் இருந்தது, 1966இல் அதை மூடிவிட்டார்கள்.

பிரிஸ்டல் வழியாகப் போங்கள். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குக் கோச் எனும் தொலைதூர பஸ், அங்கிருந்து வெல்ஸ் வழியாகப் போகும் 376ஆம் எண் பஸ். பிரிஸ்டலிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். இங்கிலாந்தில் உள்ளூர் பஸ்ஸுக்கு ஒரு வழிக் கட்டண உச்சவரம்பு 2025 ஜனவரியிலிருந்து 3 பவுண்டு. டாக்சிக் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது காசே இல்லை. விடியற்காலைச் சடங்குக்கு எந்த பஸ்ஸும் வந்து சேராது என்பதால் ஏப்ரல் 30 அன்றே ஊருக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து தங்குமிடம், பிறகு சாப்பாடு என்று வரிசையாகப் போகலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரியாவிட்டால் அந்தக் குளிரில் நிற்பதற்கு அர்த்தமே இல்லை.

விக்கா, இயற்கையை வழிபடும், தன்னைச் சூனியக் கலை என்றும் சொல்லிக்கொள்ளும் சமயம். அதில் ஆண்டுக்கு எட்டுப் பெருநாட்கள். சக்கரத்தின் எட்டு ஆரங்கள் என்பார்கள். பெல்டேன் கோடையின் வாசல். இறந்தவர்களை நினைக்கும் 'சாவின்' (Samhain) பெருநாளுக்கு நேர் எதிரே, ஆறு மாதம் தள்ளி வருவது. தேவனும் தேவியும் கூடும் நாள், பூமி சூல் கொள்ளும் நாள். பேர் பழைய கேலிக் மொழியில் 'ஒளிமிக்க தீ' என்று பொருள்படும் என்பார்கள். ஏறக்குறைய 900ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஐரிஷ் சொற்களஞ்சியம், இரண்டு தீ மூட்டி நடுவே மாடுகளை ஓட்டுவார்கள், நோய் அண்டாமல் இருக்க, என்று எழுதி வைத்திருக்கிறது.

தீ பழையது. விக்கா புதியது. அதை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் ரப்பர், சுங்கத் துறை என்று 1936 வரை நம் பக்கத்துக் கடல்களிலேயே காலம் கழித்தவர். பிரிட்டனின் சூனியச் சட்டம் 1951இல் நீங்கிய பிறகுதான் அவரால் வெளிப்படையாக எழுத முடிந்தது. எட்டுப் பெருநாள் சக்கரம் இப்போதைய வடிவத்துக்கு வந்ததும் அந்த 1950களில்தான். 'ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாறாத சடங்கு' என்று கடைக்காரர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். எழுபது வயதுச் சமயம் என்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

விடியலுக்கு டார் குன்று. உயரம் 158 மீட்டர், உச்சியில் கூரையில்லாத புனித மைக்கேல் கோபுரம். நுழைவுக் கட்டணம் கிடையாது. சூரியன் 5.40ஐ ஒட்டி எழும். 5 மணிக்கே ஏறிவிடுங்கள். ஏற்றம் குட்டைதான், ஆனால் பனியில் நனைந்த புல் வழுக்கும், உச்சியில் காற்று அறையும். வெப்பம் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். சால்வை போதாது, காற்றுத் தடுப்பு ஜாக்கெட் வேண்டும். மேலே தீ மூட்ட அனுமதியில்லை.

டாரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி விழாவை விட்டுவிடுகிறார்கள். உயிர் இருப்பது கீழே, மேபோலில், அதாவது ரிப்பன்கள் கட்டிச் சுற்றி ஆடும் கம்பத்தில். உள்ளூர் இளைஞர்கள் நீண்ட மரத்தைத் தோளில் சுமந்து வருவார்கள். இலை தழை சுற்றிய பச்சை மனிதர்களும், மே ராஜாவும் ராணியும், பறைகளும் கூட வரும். மார்க்கெட் கிராஸிலிருந்து ஊர்வலமாகப் போய் புஷி கூம் சரிவில் நடுவார்கள். குழி தேவி, கம்பம் தேவன். உச்சியில் பூவளையம். இது கூடலின் குறியீடு என்பதை மறைத்துச் சொல்ல எந்த அவசியமும் இல்லை, அவர்களும் மறைப்பதில்லை.

பின்னல் கோலாட்டம் ஆடியவர்களுக்கு இதைப் பார்த்த மாத்திரத்தில் கை பரபரக்கும். கணக்கு ஒன்றேதான். ஆட்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒருவர் விட்டு ஒருவர் வலமாகவும் இடமாகவும் திரும்பி நிற்பார்கள். எதிரே வரும் முதல் ஆளுக்கு ரிப்பனைத் தூக்கி உள்பக்கம் வழிவிடு. அடுத்த ஆளிடம் நீ குனிந்து உள்ளே போ. தூக்கு, குனி, தூக்கு, குனி. ஒரே ஆள் இரண்டு முறை அடுத்தடுத்து உள்ளே போனால் பின்னலில் அங்கே ஓட்டை விழும், அதற்கு மேல் எல்லாமே கோணல். ரிப்பனைத் தளர விடுவது இன்னொரு தவறு: காற்று அதை எடுத்துப் பக்கத்து ரிப்பனோடு முறுக்கிவிடும். இடுப்பு உயரத்தில் விறைப்பாகப் பிடித்தால் போதும். பின்னல் இறங்க இறங்க வட்டம் சுருங்கும். அப்போது வேகம் குறைக்க வேண்டும், எல்லோரும் கூட்டிவிடுகிறார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் நட விரும்பும் குழுக்களுக்கு அளவு: தரைக்கு மேல் மூன்றரை மீட்டர், தரைக்குள் ஒரு மீட்டர். அதற்குக் குறைந்தால் ஒரு பக்கம் இழுபட்டுச் சாயும். ரிப்பன் கம்பத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது ஐந்தேகால் மீட்டர். அகலம் மூன்று சென்டிமீட்டராவது இருக்கட்டும், மெல்லியது விரலை அறுக்கும். பள்ளிக்கூட நடனத்தில் பின்னலை அவிழ்ப்பார்கள். பெல்டேனில் அவிழ்ப்பதில்லை, பின்னியது ஆசி, அது அப்படியே நிற்கும்.

தீத்தாண்டல் பெரும்பாலும் தனியார் நிலங்களில், தெரிந்தவர் மூலம்தான் கிடைக்கும். ஒன்பது வகை மரம் இடுவது வழக்கம்: ஓக், ஆஷ், பிர்ச், ரோவன், ஹேசல், ஆப்பிள் போன்றவை. எல்டர் மரத்தை எரிக்க மாட்டார்கள், அது தேவியின் மரம். விறகு பச்சையாக இருந்தால் புகைதான் வரும். சுடர் கணுக்கால் அளவுக்கு அடங்கிய பிறகே தாண்ட வேண்டும். நைலான் பாவாடை ஆகாது, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும், எல்லோரும் ஒரே திசையில். ஜோடிகள் கைகோத்துத் தாண்டுவார்கள்.

சிலர் அதே நாளில் கைக்கட்டு மணமும் செய்துகொள்வார்கள். இருவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கயிறு சுற்றி, ஓராண்டும் ஒரு நாளும் என்று வாக்குக் கொடுப்பது. சாட்டின் ரிப்பன் வழுக்கி அவிழும். மூன்று இழை பின்னிய பருத்திக் கயிறு, இரண்டரை மீட்டர், அதுதான் சரி. இங்கிலாந்தில் இதற்குச் சட்ட மதிப்பில்லை, பதிவு தனியாகச் செய்ய வேண்டும்.

ஹாதார்ன் என்ற முள்மரத்தின் வெள்ளைப் பூதான் பெல்டேன் பூ. சில ஆண்டு மே 1க்கு மொட்டாகவே இருக்கும். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியில் 11 நாட்களை நீக்கியதால், பழைய மே முதல் நாள் இப்போது மே 12 பக்கம் விழுகிறது. பூவை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். அழுகும் இறைச்சியில் உண்டாகும் அதே வேதிப்பொருள் அதன் மணத்திலும் இருக்கிறது.

ஊற்று இரண்டு. சாலிஸ் வெல்லில் இரும்பு கலந்த சிவப்பு நீர், தோட்டத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. எதிரே வெள்ளை ஊற்று, 1872இல் கட்டிய நீர்த்தேக்க அறைக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓடுகிறது. சுண்ணாம்பு குழாய்களை அடைத்ததால் ஊர்க் குடிநீருக்கு அது உதவாமல் போனது. படம் எடுக்க அனுமதியில்லை, காணிக்கை மட்டும். ஒன்றுக்குத்தான் நேரமும் காசும் என்றால் வெள்ளை ஊற்றுக்கே போங்கள்.

சாப்பாட்டில் பயமில்லை, சைவம் தாராளமாகக் கிடைக்கும் ஊர் இது. ஆனால் பெல்டேனுக்குரிய பண்டம் ஓட்ஸ் ரொட்டி. 1769இல் ஸ்காட்லாந்தைச் சுற்றிய தாமஸ் பென்னன்ட் பார்த்த ரொட்டியில் ஒன்பது குமிழ்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளி, 'என் ஆடுகளைக் காப்பாற்று' என்று தோளுக்குப் பின்னால் எறிந்தார்கள், நரிக்கும் கழுகுக்கும்கூட ஒரு பங்கு போயிற்று. எளிய வகைக்கு ஓட்ஸ் மாவு 225 கிராம், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, வெந்நீர். சூட்டோடு தேய்க்க வேண்டும், ஆறினால் விளிம்பு வெடிக்கும்.

தங்குமிடம் ஊருக்குள் அந்த வாரம் விலை ஏறிக்கிடக்கும். பக்கத்து ஊர்களான வெல்ஸிலோ ஸ்ட்ரீட்டிலோ கிடைத்தால் குறைவு, ஆனால் விடியலுக்கு வண்டி இருக்காது. எனவே 30ஆம் தேதி இரவு மட்டும் ஊருக்குள், மற்ற இரவுகள் வெல்ஸில். தேடும்போது தேதியைக் கவனியுங்கள்: அதே பேரில் நடக்கும் பெரிய இசைவிழா ஜூனில், பத்து கிலோமீட்டர் தள்ளி பில்டன் பண்ணையில் நடப்பது. அந்த விலைப்பட்டியலைப் பார்த்துப் பயந்து பயணத்தைக் கைவிட வேண்டாம்.